சோப்பு வாசனை இல்லாத பால்

இளகிய பாலைப் பையிலிருந்து பாத்திரத்தில் ஊற்றிய பட்டாணியின் அம்மா, குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து மோந்தாள்.

பால் நன்றாக மணந்தது. அதுதான் சரியில்லை.

அவளுடைய பால் மணக்காது. ஃப்ரீசரில் இரண்டு நாள் கிடந்தாலே துணி சோப்பைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு வாடை வந்துவிடும். சில தாய்மார்களுக்கு அப்படித்தான், உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, அவரா குடிக்கப் போகிறார்? குடிக்க வேண்டிய பட்டாணி, அந்த வாடை மூக்கில் பட்டதுமே உதட்டைத் தைத்துவிட்ட மாதிரி மூடிக்கொள்வாள்.

பதினாலு மாதக் குழந்தை. உருண்டைக் கன்னத்தோடு பிறந்ததற்காக அப்பா வைத்த செல்லப் பெயர் பட்டாணி. ஒவ்வாமைப் பரிசோதனை முடிவு வந்த அன்று பார்த்தால், பசும்பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை என்று நீண்ட பட்டியலின் கடைசி வரியில் பட்டாணி. "பட்டாணிக்கே பட்டாணி ஆகாதாம்டி" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எட்டாம் மாதத்தில் டீ கலக்கிய கரண்டி ஒன்றை எடுத்துச் சப்பிவிட்டாள். கரண்டியில் ஒட்டியிருந்தது ஒரு சொட்டுப் பால்கூட இருக்காது. நாலே நிமிடத்தில் உதடு நீலமாகி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் போட்ட ஊசி காப்பாற்றியது. அதிலிருந்து பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி, வீட்டில் யார் எங்கே போனாலும் கூடவே போகும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த விசேஷ மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்ததைவிடக் கக்கியது அதிகம். அம்மா வேலைக்குத் திரும்பிய மாதமே மார்பில் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள். மிச்சம் இருந்தது பம்ப் வைத்து எடுத்து உறைய வைத்த பால். அதிலும் சோப்பு வாடை.

அப்போதுதான் அம்மா அந்த வழியைக் கண்டுபிடித்தாள். பாலை லேசாகச் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, நல்ல கிருமிகள் அடைத்த மாத்திரைக் கூட்டை உடைத்துப் பொடியைக் கலந்து, இளஞ்சூட்டில் ஒரு ராத்திரி மூடி வைப்பது. பசும்பால் மாதிரி அது கெட்டியாக உறைந்துவிடாது. தண்ணியாகத்தான் நிற்கும், மேலே மஞ்சளாய் ஆடை ஒதுங்கும், புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பில் சோப்பு அமுங்கிப்போனது. பட்டாணி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். "பொடியில மட்டும் பால் கலந்திருக்கக் கூடாதும்மா, மத்தபடி பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அதில் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. அவள் வேலை பார்ப்பதே உணவுப் பரிசோதனைக் கூடத்தில்தான். பால் சேர்க்கப்படாதது என்று அச்சடித்து வரும் பிஸ்கட்டில் உண்மையிலேயே பால் இல்லையா என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. வீட்டில் பட்டப்பெயர் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு பால் பையிலும் தேதி, நேரம், அளவு எழுதி லேபிள் ஒட்டாமல் ஃப்ரீசர் கதவைச் சாத்த மாட்டாள்.

வழக்கமாக அவள் ஆறு மணிக்கு வருவாள். அதற்குள் கணவனின் அக்கா, இவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள், பையை இளக்கி, பாலைச் சூடாக்கி, ஆற வைத்திருப்பாள். இவள் வந்த அவசரத்தில் பொடியை மட்டும் கலந்து மூடுவாள். இன்றைக்குக் கூடத்தில் மின்சாரக் கோளாறு. நாலு மணிக்கே வந்துவிட்டாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக, பையைத் தன் கையால் திறந்தாள்.

சோப்பு வாடை இல்லை.

ஃப்ரீசரைத் திறந்து எல்லாப் பைகளையும் மேடையில் பரப்பினாள். பதினொன்று. ஒவ்வொன்றாகக் குழாயடியில் காட்டி, மேல்பக்கம் கொஞ்சம் இளகியதும் மோந்து பார்த்து, திரும்ப உள்ளே வைத்தாள். சோப்பு அடித்தது இரண்டு பையில்தான். மற்ற ஒன்பதும் மணந்தன. ஒன்பதிலும் லேபிள் இருந்தது. ஒன்பதிலும் அவளுடைய கையெழுத்து. ஏழு எண்ணுக்கு நடுவில் சின்னதாய்க் குறுக்குக் கோடு போடும் பழக்கம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அந்தக் கோடுகூட அச்சு அசலாய் இருந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எட்டிப் பார்த்தான். "என்ன இன்ஸ்பெக்டர், யாரைப் புடிச்சிட்டீங்க?"

"ஃப்ரீசர்ல இருக்கற பாலைத் தொட்டீங்களா?"

"நானா? அதுக்கு உள்ள கை விட்டா என்னைய உறைய வெச்சு லேபிள் ஒட்டிடுவியே."

"விளையாடாதீங்க. இது நல்லா மணக்குது."

"நல்லா மணந்தா அதுக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்டா?"

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

யாராவது பசும்பாலைக் கலந்திருந்தால்? நேற்றுப் புளிக்க வைத்ததைக் காலையில்தான் குடித்திருக்கிறாள் குழந்தை. அம்மா ஊசிப் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளறையில் ஜன்னலோர நாற்காலியில் அண்ணி. அவள் மார்பில் முகம் புதைத்துப் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு சிவப்பு, மூச்சு சீர். அண்ணி உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினாள்.

சமையலறைக்குத் திரும்பி, கைப்பையிலிருந்து பரிசோதனைப் பட்டையை எடுத்தாள். கூடத்தில் பிஸ்கட்டுக்கு வைக்கும் அதே பட்டை. ஒன்பது பைக்கும் ஒவ்வொன்று. பாலில் முனையைத் தொட்டு வைத்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். ஒரு கோடு என்றால் பத்திரம். இரண்டு கோடு என்றால் மாட்டுப் பால், அல்லது ஆட்டுப் பால்.

"ரெண்டு கோடா வந்தா?" என்றான் கணவன். "போன தடவை இப்படிக் குச்சிய வெச்சிக்கிட்டு நின்னப்ப ரெண்டு கோடு வந்துதான் பட்டாணியே வந்தா."

அவள் சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மோட்டார் உறுமிவிட்டு நின்றது. ஐந்து நிமிடம் முடிந்தது.

ஒரு கோடு. ஒன்பதிலும் ஒரே ஒரு கோடு.

"அப்பாடா!" என்றான் அவன். "பசும்பால் இல்ல. விடு, உன் மூக்குக்குத்தான் ஏதோ ஆயிருச்சு."

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மெல்லிய தித்திப்பு. பழகிய தித்திப்பு.

"இது தாய்ப்பால்தாங்க."

"அதைத்தான நானும் சொல்றேன்."

"தாய்ப்பால்தான். ஆனா என்னுது இல்ல."

அவன் சிரிக்க வாயைத் திறந்தான். "பின்ன யாருது? இந்த வீட்டுல இருக்கற பொம்பளைங்களே ரெண்டு..." அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பதினோரு மாதத்துக்கு முன் அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டே நாள் இருந்தது. அவள் கணவர் கப்பலில் வேலை. ஊர் திரும்பவே ஒரு வருஷமாகும் என்றார். தனியாக விட வேண்டாம் என்று இங்கே கூட்டி வந்தார்கள். பால் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னதோடு சரி. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அண்ணி டீயை விட்டாள். முட்டையை விட்டாள். ரொட்டியையும் விட்டாள். கேட்டால், "வயித்துக்குச் சேரலம்மா" என்பாள். உருளைக்கிழங்கும் சோறும் பேரிக்காயுமாக ஒடுங்கிப்போனாள்.

பட்டாணியின் பட்டியலில் இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் விட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

உள்ளறைக்குப் போனார்கள். ஜன்னலில் சாயங்கால வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் அந்த அறை குளிர்ந்து கிடந்தது.

"வந்துட்டியா?" என்றாள் அண்ணி, தலையைத் திருப்பாமல். "ஃப்ரீசர் கதவு பதினோரு தடவை திறந்து மூடுச்சு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

"பையில இருக்கறது யாருது அண்ணி?"

"பட்டாணியோடது."

"யார் உடம்புலேருந்து வந்ததுன்னு கேக்கறேன்."

"அப்படிக் கேளு." அண்ணி குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஆறு வாரத்துக்கு முன்னாடியே உனக்கு வத்த ஆரம்பிச்சிருச்சும்மா. முப்பது மில்லி, இருபது மில்லின்னு நீயே உன் கையால எழுதற. ஒரு நாளாவது கூட்டிப் பாத்தியா? இவ குடிக்கறது நாளைக்கு நானூறு."

உலகத்தில் உள்ள பிஸ்கட்டை எல்லாம் சோதிக்கிறவள் இந்தக் கூட்டலை மட்டும் போடவே இல்லை. கதவைத் திறந்தால் ஃப்ரீசர் நிறைந்திருக்கும். அது போதுமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப. இவ காஞ்சு போயிருப்பா. உன்னுதை எல்லாம் சிங்க்குல ஊத்திட்டேன். ரெண்டு பைதான் மிச்சம் வெச்சேன், உனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு. அந்த ஏழுக்குக் கோடு போடப் பழகத்தான் ரெண்டு நாள் ஆச்சு."

"அக்கா, என்னக்கா இது..."

"நீ சும்மா இருடா. லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னா கூப்பிடறேன்."

பட்டாணி அசைந்தாள். கண் திறக்காமலே கையை நீட்டி, அண்ணியின் சட்டைப் பொத்தானைப் பிடித்தாள். தேடவில்லை, தடவவில்லை. கை நேராக அங்கேதான் போனது. தினமும் போய்ப் பழகிய கை.

தன் மார்பை நாலைந்து மாதமாகத் திரும்பியும் பார்க்காத குழந்தை.

எழுந்து போங்கள் இந்த வீட்டை விட்டு என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. ஆறு வாரத்தில் எழுநூறு கிராம் ஏறியிருக்கிறாள். டாக்டர் எடைத் தாளைக் காட்டி, "சபாஷ் அம்மா" என்று கை கொடுத்தார். அந்தக் கை யாருக்குச் சேர வேண்டியது? அண்ணி இப்போது வாசலைத் தாண்டினால் மீதி இருப்பது பதினொரு பை. மூன்று நாள் வரும். நாலாம் நாள்?

"உங்க ரத்தம் டெஸ்ட் பண்ணணும் அண்ணி." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

அண்ணி முதல் தடவையாகச் சிரித்தாள். நாற்காலி இடுக்கிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். நடுவில் மடித்து வைத்திருந்தது ரத்தப் பரிசோதனை அறிக்கை, எல்லாம் சுத்தம். பக்கம் பக்கமாக அவள் வாயில் போட்ட ஒவ்வொரு கவளமும் எழுதப்பட்டிருந்தது. இன்றைக்கு: உருளைக்கிழங்கு, சோறு, அரைப் பேரிக்காய். அதற்கு எதிரே குழந்தை குடித்த அளவு. தினமும் சாயங்கால வேளைக்கு மட்டும் இரண்டு கட்டம். ஒன்றில் பட்டாணி, நூற்றுப் பத்து. இன்னொன்றில் பாப்பா, அறுபது.

"பாப்பான்னா... யாரு அண்ணி?"

"அவதான்" என்றாள் அண்ணி, ஜன்னலுக்குக் கீழே வெறும் தரையைக் காட்டி. "அவளுக்கும் பதினோரு மாசம் முடியப் போகுதுல்ல. நீ புளிக்க வைக்கறது அவளுக்கும் பிடிச்சுப்போச்சு."

கணவன் மெல்ல இவள் முழங்கையைப் பிடித்தான்.

புளித்த பால் ஜாடியில் தினமும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. பாத்திரத்தில் ஒட்டியதோ, ஆவியாகப் போனதோ என்று அவள் விட்டிருந்தாள். அறுபது மில்லி ஆவியாகப் போகாது.

"அக்கா, டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வந்துரலாம்..." என்றான் அவன்.

"போலாம்டா. அவரு மாத்திரை குடுப்பாரு, நான் முழுங்குவேன். அப்புறம் பாப்பா கண்ணுக்குத் தெரிய மாட்டா." அண்ணி பட்டாணியின் தலையை மோந்தாள். "பாப்பாவுக்கு ஊத்தலைன்னா எனக்குச் சுரக்காதும்மா. ஒரு நாள் மறந்துட்டேன். அன்னிக்கு ஒரு சொட்டு வரல. பட்டாணி பசியில கத்துனா பாரு, அப்பப்பா! அடுத்த நாள் பாப்பாவுக்கு முதல்ல ஊத்துனேன். வந்திருச்சு."

மிரட்டலே இல்லை. அடுப்பில் கேஸ் தீர்ந்தால் எரியாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. பட்டாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, உதட்டைப் பிதுக்கினாள். பசி நேரம். இன்னும் ஒரு நிமிடத்தில் அழுகை வரும்.

பட்டாணியின் அம்மா சமையலறைக்குப் போனாள். கணவன் பின்னாலேயே வந்து கிசுகிசுத்தான். "என்னடி பண்ணப் போற? பைத்தியம் புடிச்சிருக்கு அக்காவுக்கு."

"நாளைக்கு டாக்டர்கிட்ட பேசுங்க. அக்காவுக்கும் சேத்துப் பேசுங்க. பட்டாணிக்கு வேற என்ன குடுக்கலாம்னும் கேளுங்க. இன்னிக்கு எம்பொண்ணுக்குப் பசிக்குது."

ஜாடியைத் திறந்தாள். மேலே மஞ்சள் ஆடை, கீழே தெளிவு. குலுக்கினாள். ஒரு கிண்ணத்தில் நூற்றுப் பத்து ஊற்றினாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள். அளந்து, அறுபது ஊற்றினாள். இரண்டையும் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

முதல் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினாள். பட்டாணி பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கிண்ணத்தோடு அவள் ஜன்னலுக்குக் கீழே மண்டி போட்டு உட்கார்ந்தாள். முன்னால் வெறும் தரை. வெயில் சதுரம். தரையில் வைக்கப் போன கை பாதியில் நின்றது.

"கொஞ்சம் சூடா இருக்கு அண்ணி" என்றாள், அந்தச் சதுரத்தைப் பார்த்தபடியே. "ஆறட்டுமா, இப்பவே குடிச்சிருவாளா?"

அண்ணி தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆறட்டுமாம்."

பட்டாணியின் அம்மா குனிந்து கிண்ணத்தை ஊத ஆரம்பித்தாள்.