வெள்ளி பூசிய சைலன்சர்

பெயிண்டர் வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான். மீதி மனிதர் முழுக்க வசவாக வந்துகொண்டிருந்தார்.

வசவு சைலன்சருக்கு. துருப்பிடித்து, அடிவயிற்றில் ஓட்டை விழுந்து, அது போடுகிற சத்தம் ஊரறிந்த விஷயம். வேன் தெருமுனையில் திரும்பும்போதே அவர் மனைவி டீக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். வேன் வாசலுக்கு வருவதற்கும் டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். அந்த வகையில் உபகாரமான சத்தம்தான். ஆனால் நாளைக்கு அது கூடாது.

நாளைக்கு மகளுக்கு வேலையில் முதல் நாள். வாசலெல்லாம் கண்ணாடி போட்ட பெரிய ஆபீஸ். அவளை அந்த வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று பெயிண்டர் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். நேற்று சாப்பிடும்போது அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “வேண்டாம்ப்பா, நான் பஸ்லயே போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

அதற்குமேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. காரணம்தான் தெரியுமே! ஏணியும் டப்பாவும் ஏற்றிய வேன், போருக்குப் போகிற மாதிரி முழங்கிக்கொண்டு கண்ணாடி ஆபீஸ் முன்னால் போய் நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் மானம் போகாது? கடை மூடுவதற்குள் ஓடிப்போய்ப் புது சைலன்சர் வாங்கிவந்துவிட்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் ஷெட் பூட்டியிருந்தது. அதனால் என்ன, கழற்றி மாட்டுவது என்ன பிரம்ம வித்தையா என்று ஜாக்கியைப் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, உள்ளே நுழைந்தார்.

“கிடைச்சுதா?” என்றாள் மனைவி, டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து.

“எது?”

“நட்டு.”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

“ஒளிச்சு வச்சவரே நீங்கதானே. எங்க வச்சீங்கன்னு ஞாபகம் வரலையா?”

அவள் சொன்னதில் தப்பில்லை. பெயிண்டருக்குத் தொழிலோடு வந்த வியாதி ஒன்று உண்டு. எது கெட்டாலும் அவருக்குத் தோன்றுகிற முதல் வைத்தியம் ஒரு கோட்டிங். சைலன்சரில் முதல் துருப்புள்ளி தெரிந்த அன்று, எங்கோ வேலையில் மிச்சமான சூடு தாங்கும் வெள்ளி பெயிண்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி துரு, மறுபடி பெயிண்ட். நட்டு, போல்ட், இடுக்கு என்று பாரபட்சம் பார்க்கவில்லை. உள்ளே அரித்துக்கொண்டே போனது. வெளியே மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. இப்போது எது நட்டு, எது குழாய் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. எல்லாம் ஒரே வெள்ளிக் கட்டி.

சுரண்டினார். பெயிண்ட் கண்ணில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுரண்டினார், துரு வாயில் விழுந்தது. ஒரு வழியாக நட்டு முகம் காட்டியது. ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பேனர்தான் வழுக்கியது. விரல் முட்டி தோலோடு போனது.

“அம்மா!”

“அவங்களை எதுக்குக் கூப்பிடறீங்க? நான் அப்பவே சொன்னேன், மெக்கானிக் நாளைக்குக் கடை திறப்பாருன்னு.”

“நாளைக்குத் திறந்து நான் என்ன பண்ண? நீ டார்ச்சைச் சரியாப் பிடி. என் மூக்குல என்ன இருக்கு, அங்க அடிக்கிற?”

“துரு இருக்கு.”

எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்தாக வேண்டும்.

“என்ன அண்ணே, சைலன்சரா?”

“இல்லைங்க. சும்மா காத்து வாங்கறேன்.”

“எண்ணெய் விட்டு ஊற வைங்க.”

“விட்டாச்சு.”

“அப்ப கஷ்டம்தான்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அவர் நகராமல் நின்றார்.

கஷ்டம்தான். எண்ணெய் விட்டுத் தட்டினார், தட்டி இழுத்தார். நட்டின் முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. இனி ஸ்பேனருக்கு அங்கே வேலையில்லை. மனைவியிடம் ரம்பத்தை வாங்கி அறுக்க ஆரம்பித்தார். பிளேடு ஒடிந்தது. வேறு பிளேடு போட்டார், கை ஒடிகிற மாதிரி இருந்தது. அவர் படுத்துக்கொண்டு அறுப்பதைவிட, ரம்பம்தான் படுத்துக்கொண்டு அவரை அறுப்பது போலிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிட்டபோது, “இதை எடுக்காம நான் வெளிய வரமாட்டேன்” என்று சபதம் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் பழைய சைலன்சர் சொல்லாமல் கொள்ளாமல் கழன்று அவர் நெஞ்சிலேயே விழுந்து, வயிறு கிழிந்து, துருவை முகத்தில் கொட்டியது.

எதிர்வீட்டுக்காரர் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

புதுசை மாட்டுவதுதான் அடுத்த கூத்து. முன்பக்கம் பொருத்தினால் பின்பக்கக் கொக்கி ரப்பர் வளையத்தை எட்டவில்லை. பின்பக்கம் மாட்டினால் முன்பக்கம் தொங்கியது. ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் முடுக்க வேண்டும். மனைவிக்குக் கையைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மகள் நாளைக்குப் போட வேண்டிய துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். தரையில் சாக்கை விரித்து அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து, இரண்டு கையாலும் சைலன்சரை மேலே தள்ளிப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் மேல. ஆ, அப்படியே பிடி. இது முடிஞ்சதுன்னா நாளைக்கு ஒரு சத்தம் இருக்காதும்மா. நீயே வேன்ல ஏறி, ‘ஸ்டார்ட் பண்ணுங்கப்பா’ன்னு சொல்லுவ.”

அவள் சைலன்சரை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

“அப்புறம் பஸ்ஸு எதுக்கு?”

“அப்பா, இதுக்கா காலையிலேருந்து இங்க கிடக்கிறீங்க?”

“பின்ன?”

“சத்தத்துக்காக நான் வேண்டாம்னு சொல்லலைப்பா.”

பெயிண்டரின் கை நின்றது. “பின்ன எதுக்கு?”

“கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இன்டர்வியூக்கு வந்தப்ப வெளிய என்ன பண்ணீங்க?”

“நின்னுக்கிட்டிருந்தேன்.”

“நின்னுக்கிட்டு?”

பெயிண்டர் நட்டை மும்முரமாகப் பார்த்தார்.

“அந்த ஆபீஸ் சுவத்தை நகத்தால சுரண்டினீங்க. ஒரு பெரிய துண்டு உரிஞ்சு வந்துச்சு. அதை வாட்ச்மேன்கிட்ட காட்டி, ‘எந்தப் புண்ணியவான் அடிச்சது இது’ன்னு கேட்டீங்க. அப்புறம் உள்ளேருந்து மேனேஜர் வந்தாரு, அவர்கிட்டயும் கேட்டீங்க. அவர்தாம்ப்பா நாளைக்கு எனக்கு மேனேஜர்.”

பெயிண்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன தோல், ஒடிந்த பிளேடு, வாயில் விழுந்த துரு, தவறிப்போன சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. கழற்ற வேண்டியது ஒன்று, நாள் முழுக்க அவர் கழற்றியது வேறொன்று.

“நிஜமாவே அதுல பெயிண்டுக்கு அடியில ப்ரைமர் போடலைம்மா” என்றார் ஈனஸ்வரத்தில்.

“அப்பா!”

“சரி, சரி.”

“கை வலிக்குது. முடுக்குங்க.”

முடுக்கினார். கோபத்தில் முடுக்கியதால் நன்றாகவே இறுகியது. வளையத்தில் கொக்கியை மாட்டினார். பிறகு, “நான் வேனை விட்டு இறங்கலைன்னா?” என்றார்.

“கண்ணாடியை இறக்கி யாரையும் கூப்பிடவும் கூடாது.”

“கூப்பிடமாட்டேன்.”

“சுவத்துப் பக்கம் பார்க்கவே கூடாது.”

“பார்க்காம எப்படிம்மா? கண்ணு இருக்கே.”

அவள் சிரித்துவிட்டாள். சைலன்சர் ஆடியது. “பார்த்துட்டுப் போங்க. ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

வேனை ஸ்டார்ட் பண்ணியபோது ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. ஆனால் இத்தனை நாள் கேட்காததெல்லாம் கேட்டது: ஏணி தடதடவென்று ஆடுவது, கதவு முனகுவது, சீட்டுக்கு அடியில் ஏதோ டப்பா உருளுவது. “பழைய சத்தமே தேவலாம்” என்றாள் மனைவி.

மறுநாள் காலை வேன் பூனை மாதிரி போய் ஆபீஸ் வாசலில் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கத்திலேயே அந்தச் சுவர். வேறு யாரோ புதிதாக அடித்திருந்தார்கள். மேலேயிருந்து கீழேவரை பெயிண்ட் கண்ணீர் வடித்த மாதிரி வழிந்து காய்ந்திருந்தது. பெயிண்டரின் நகம் ஊறியது. தொண்டைவரை வந்ததை எச்சிலோடு விழுங்கினார்.

“வர்றேன்ப்பா” என்று மகள் இறங்கினாள். இஸ்திரி மடிப்பு கலையாமல் நடந்து போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, சட்டென்று திரும்பி வேனைப் பார்த்தாள்.

அவர் காயம்பட்ட இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் நன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்து வைத்துக் காட்டினார்.