காயப்போட்ட மீன்

“நாளைக்கு விடியக் கடல் ஊருக்குள்ள வரும்! ஓடுங்க மக்காள்!”

வாகரை அம்மன் கோயிலில் தெய்வமேறி ஆடிய இலட்சுமிப்பிள்ளை சொன்னதுதான் தாமதம், ஊரே மூட்டைமுடிச்சுகளோடு றோட்டுக்கு வந்துவிட்டது. முன்னொருமுறை கடல் வந்ததைக் கண்ணால் கண்ட சனம், யோசித்துக்கொண்டா நிற்கும்?

சுலோஜனாவுக்கு மட்டும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, கடலோரமாக இருந்த இலட்சுமிப்பிள்ளையின் வீட்டு வளவுக்கு நடந்தாள். கோயிலிலிருந்து வந்த கையோடு அந்த மனிசி, உப்புத் தடவிய சூரை மீன்களைக் கடற்கரையில் பாய் பாயாக விரித்துக்கொண்டிருந்தாள்.

சுலோஜனா ஓடிவந்து றோட்டை மறித்தாள். “எங்க ஓடுறீங்க? நாளைக்குக் கடல் வருமெண்டு தெரிஞ்சவ இண்டைக்குக் கரையில கருவாடு காயப்போடுவாவா? அது காய மூணு நாள் செல்லும்!”

“அதுவும் சரிதான்கா!” என்றாள் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைகள் இறங்கின. சுலோஜனாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெய்வம் தனக்கே ஏறியதுபோல் நிமிர்ந்து நின்று கரைப்பக்கம் பார்த்தாள்.

அங்கே இலட்சுமிப்பிள்ளை, ஈரம் வற்றாத மீன்களை அவசர அவசரமாகச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடியவள் சுலோஜனாதான்.