அக்கரையில் தனியாக இருப்பவர்

நீலமடுவுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை மொத்தம் ஏழு. ஏழாவது, ஏரியின் அக்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதர். பத்தொன்பது வருடங்களாக அந்த மனிதர் தவசிமணி.

ஊர் உண்டானதே அப்படித்தான். நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அக்கரையில் யாரோ தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, எப்போது எழுந்து போகிறான் பார்க்கலாம் என்று இக்கரையில் கூடாரம் அடித்தார். அவன் எழவில்லை. கூடாரம் பங்களாவாயிற்று. பங்களாவைச் சுற்றிக் கடைகள், விடுதிகள், படகுத்துறை எல்லாம் வந்தன. அந்த முதல் ஆள் இறந்ததும் கூட்டம் குறையவே, சுற்றுலா அலுவலகம் அதை ஒரு பணியிடமாக ஆக்கியது. தவசிமணி ஐந்தாமவர்.

நேர்முகத் தேர்வில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "உங்களைத் தேடிக்கிட்டு யாராவது வருவாங்களா?"

மனைவி இறந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஒருவரையும் விட்டுவிடக் கூடாதே என்று நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டு, "வர மாட்டாங்க சார்" என்றார். அன்றைக்கே உத்தரவு கொடுத்துவிட்டார்கள்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை கல் பெஞ்சில் இருக்க வேண்டும். கையசைக்கக் கூடாது. பேப்பர் படிக்கக் கூடாது. மழைக்குக் குடை பிடிக்கலாம், கறுப்புக் குடை மட்டும். அரிசி, காய்கறி எல்லாம் ஞாயிறுதோறும் அவர் கண் விழிக்குமுன் படகில் வந்து இறங்கிவிடும். இறக்கி வைப்பது யார் என்று அவர் பார்த்ததில்லை. வேலை கஷ்டமில்லை. ஐந்தரைக்குப் பிறகும் அது முடிவதில்லை, அவ்வளவுதான்.

ஓர் ஐப்பசி மத்தியானம் அன்ன வடிவ மிதி படகு ஒன்று நேராக அவரை நோக்கி வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் இறங்கினார். படகுத்துறையில் தொலைநோக்கிக்குச் சீட்டுக் கிழிக்கும் செசிலி அவர்.

"மூணு நாளா இடப்பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்கீங்க. இடுப்பு வலியா?" என்று கேட்டுத் தைலப் புட்டியை நீட்டினார்.

தவசிமணி வாயைத் திறந்தார். குரல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "அங்கேருந்து அவ்வளவு தெரியுதா?"

"வர்றவங்களுக்குப் புள்ளியாத்தான் தெரியும். நான் பதினோரு வருஷமாப் பாக்கறேன்ல."

அவர் புட்டியை வாங்கிக்கொண்டார். கண் கலங்கியது. ஏரியைப் பார்த்தார். எப்படியும் அதுதான் அவர் வேலை.

"சாப்பாட்டு நேரம் ரெண்டு மணி வரைக்கும்தான்" என்றபடி செசிலி பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டானது. மூன்றானது.

"உங்களைத் தேட மாட்டாங்களாம்மா?"

"தொலைநோக்கியைத்தான் தேடுவாங்க. அது அங்கேயே இருக்கு."

ஒரு வாரம் கழித்துச் சுற்றுலா அலுவலர் இன்பநாதன் வந்தார். ஏழாவது இடத்தில் இரண்டு பேர் தெரிவதாகப் பயணிகள் புகார் எழுதியிருந்தார்கள்.

"உள்ளதைச் சொல்லுங்க. இப்ப தனியா இருக்கீங்களா?"

தவசிமணி பொய் சொல்லிப் பழகாதவர். "முன்ன மாதிரி இல்லீங்க."

"அப்ப யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போகணும்."

வேலை போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. ஆனாலும் எழுந்தார். அதே நேரம் செசிலியும் எழுந்தார். நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

இன்பநாதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தனியாகத் தெரிய வேண்டும்னுதான் போட்டிருக்கு. இருக்கணும்னு போடல" என்றார். மூன்று மைல் தள்ளிப் போனால் இரண்டு பேர் ஒருவராகத் தெரிவார்கள் என்று அவரே தூரத்தையும் சொன்னார்.

தை பிறப்பதற்குள் ஏரியை அந்த அளவுக்கு அகலப்படுத்தினார்கள். கடைகளும் விடுதிகளும் முணுமுணுக்காமல் பின்னுக்கு நகர்ந்துகொண்டன. பெஞ்சில் இருக்கும் இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொள்வதில்லை. அங்கிருந்து இப்போது ஊர் தெரிவதில்லை.

மாதா கோயிலை மட்டும் நகர்த்த முடியாமல் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வருகிறார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.