பாதியில் இருக்கும் புத்தகம்

எனக்குப் பொறுமை கிடையாது. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அக்கா சொல்வாள். சிக்னல் விழுவதற்குள் ரோட்டில் ஒரு கால் வைப்பவள், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைப்பவள் நான். இருக்கிற கொஞ்சநஞ்சப் பொறுமையையும் வேலை தின்றுவிடுகிறது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்து மாட்டுவது என் வேலை. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும். குறைவாகத் தேய்த்தால் மாட்டும்போதே விரிசல் விடும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கடைகளில், படிக்கிற கண்ணாடி வாங்க வருபவரிடம் ஓர் அட்டையை நீட்டுவார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அதைவிடச் சின்ன எழுத்து. உப்புச்சப்பு இருக்காது. நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை நீட்டுவோம். கவுன்ட்டர் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சின்ன அலமாரி. கடையில் ஒவ்வொருவரும் தாம் படிக்கிற புத்தகத்தை அடையாளச் சீட்டோடு அங்கே வைக்க வேண்டும். முடித்த புத்தகத்துக்கு இடமில்லை. படித்து முடித்தவர் பேச்சு ஆறின டீ, பாதியில் இருப்பவர் பேச்சில்தான் சூடு இருக்கும் என்பது முதலாளியின் கட்சி. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்பார்கள். "தெரியாதுங்க, நானே அதுவரைக்கும்தான் வந்திருக்கேன்" என்போம். பாதிப் பேர் புத்தகத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரே எதிரி எங்கள் கடையில் பில் போடுகிறவள். காற்று வேகத்தில் படிப்பாள். படித்த கையோடு முடிவை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி.

போன மாதம் அந்த அலமாரியில் என் பங்குக்கு இருந்தது ஒரு நாவல். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் ஒரு முன்கோபிக் கிழவர். இதயத்தில் கோளாறு. டாக்டர் ஆபரேஷன் என்கிறார். கிழவர் டாக்டரோடு சண்டை, டிரைவர்களோடு சண்டை, பெண்டாட்டியோடு சண்டை. படித்துவிட்டுப் பின்னறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். பாதிப் புத்தகத்தில், "வெட்டித் தொலைங்கடா" என்று அவர் கையெழுத்துப் போடுகிற இடம்வரை வந்திருந்தேன்.

அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு என் மாமா ஞாபகம்தான் வந்தது. மாமா என்றால் அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழியில் பன்னிரண்டு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், ஊசியைப் பார்த்தால் கால் நடுங்கும். அவருக்கும் இதயத்தில் அடைப்பு. இப்போதே செய்தால் பயமில்லை, தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஓடிவிட்டது. இவர் இன்று, நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "அந்த ஆஸ்பத்திரி லிஃப்டப் பாத்துக்கறதே நான்தான். அதுல என்னைப் படுக்க வெச்சு ஏத்துவாங்களே, அதான் பயம்" என்பார். அக்கா திட்டித் திட்டித் தொண்டை வறண்டு போனாள்.

அவர் புதுக் கண்ணாடிக்கு வந்த அன்று, வேண்டுமென்றே அந்த நாவலை நீட்டினேன். "செம தமாஷு மாமா. அச்சு அசல் உங்க மாதிரியே ஒருத்தர். கடைசில ஆபரேஷனுக்கு ஒத்துக்கிறாரு பாருங்க" என்றேன். கடைசியில் என்று நான் சொன்னது நான் படித்தவரையில். மாமா புத்தகத்தைப் புரட்டி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸைத் தப்பாக மாட்டிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தெரியலையா மாமா?"

"நல்லாவே தெரியுது" என்றார். "இத நான் எடுத்துட்டுப் போலாமா?"

மறுவாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா போனில் அழுதாள். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்தார்கள். நான் கடையில் எல்லோரிடமும் மார்தட்டிக்கொண்டேன். டாக்டரால் முடியாததை என் சிபாரிசு முடித்துவிட்டது என்று பெருமை பீற்றாத ஆள் பாக்கியில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. முற்றுப்புள்ளி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "எந்தக் கதையக் குடுத்த?" என்றாள். சொன்னேன். அவள் முகம் போன போக்கே சரியில்லை.

"அடிப்பாவி, அதையா? அந்தாளு ஆபரேஷன் மேஜையிலேயே போயிடுவாரேடி."

என் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து, மேஜைக்கு அடியில் உருண்டது. நான் குனிந்துகூட எடுக்கவில்லை. இன்னும் இரண்டு நாள். மாமா அந்தப் பக்கத்துக்கு வந்தால் என்ன ஆகும்? கையெழுத்தாவது ஒன்றாவது, கம்பி நீட்டிவிடுவார். அப்புறம் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் அந்த இதயம் தாங்குமா? அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. "போய்ட்டு வா, நீ இருந்தா இன்னும் நாலு லென்ஸ உடைப்ப" என்று முதலாளியே அனுப்பிவைத்தார். வழியெல்லாம் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று தொலைத்தது. நிற்பதுதான் அதன் வேலை என்று தெரிந்தும் டிரைவரின் முதுகை முறைத்துக்கொண்டே போனேன்.

மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் கட்டில்மேல் தலையணை ஓரமாக இருந்தது. அடையாளச் சீட்டு முக்கால்வாசி தாண்டியிருந்தது. நல்லவேளை, முடிவுக்கு வரவில்லை என்று மூச்சு விட்டேன்.

"அக்கா, இந்தப் புஸ்தகம் கடைக்கு வேணுமாம், எடுத்துக்கறேன்."

"ஐயய்யோ, தொடாதடி! தூங்கும்போதுகூடப் பக்கத்துலயே வெச்சுக்கறாரு. காணோம்னா என்னைத்தான் உண்டு இல்லைன்னு பண்ணுவாரு. அது வந்ததுலேர்ந்துதான் மனுஷன் கொஞ்சம் அடங்கியிருக்காரு."

அவள் சமையலறைப் பக்கம் போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிரேம் ஓரத்தைச் சீவுகிற பிளேடு எப்போதும் என் பையில் இருக்கும். கடைசி அத்தியாயம் இரண்டே தாள். தைத்த இடத்தை ஒட்டி ஓர் இழு. தெரியாதவர் கண்ணுக்கு அங்கே தாள் இருந்ததே தெரியாது. அப்படிச் சுத்தமாக வெட்டினேன். படித்துப் பார்க்கவில்லை. முற்றுப்புள்ளி சொன்னதே போதும் போதும் என்று இருந்தது. மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, மாமா வெளியே வருவதற்குள் படியிறங்கிவிட்டேன். கதை பாதியில் நின்றால் அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வார், வியாழக்கிழமை தாண்டட்டும், அப்புறம் வருவது வரட்டும் என்று கணக்குப் போட்டேன். அன்று தேய்த்த லென்ஸ் ஒன்றும் உருப்படவில்லை.

புதன்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். அவள் குரலே உடைந்திருந்தது.

"வரமாட்டேங்கறாருடி. பையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டாரு. என்னமோ தேடறாரு, என்னன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. சாயங்காலம் அட்மிட் ஆகணும். நான் என்ன பண்ணுவேன்?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. இந்தத் தடவை ஆட்டோவில் போனேன்.

வீடு பெயர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. மெத்தை தரையில். அடுக்கிய துணியெல்லாம் நாற்காலியில். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நான் மாட்டிக்கொடுத்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவிடம், "எனக்குக் கொஞ்சம் காபி போடேன்" என்றார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சினிச்சி, உங்க அக்கா இந்தப் புஸ்தகத்தப் படிச்சாளா?"

"இல்லையே மாமா. அவ எங்க படிக்கறா? ஏன்?"

"கடைசிப் பக்கத்தக் காணோம். அவதான் படிச்சுட்டுப் பயந்துபோய்க் கிழிச்சுட்டாளோன்னு நெனச்சேன்."

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நீங்க இன்னும் அங்க வரலையே மாமா. சீட்டு முக்கால்வாசியிலதானே இருந்தது?"

"நான் எந்தப் புஸ்தகத்தையும் கடைசிப் பக்கத்துலேர்ந்துதாம்மா ஆரம்பிப்பேன். லிஃப்ட் பாக்கறவன் முதல்ல குழியோட அடியத்தான் பாப்பான். அன்னிக்குக் கடையில கண்ணாடி மாட்டினதும் படிச்சது அதைத்தான். அந்தாளு சாவான்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன்."

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டீங்க?"

"அதனாலதான் போட்டேன். தெனமும் காலையில அந்தப் பக்கத்த ஒரு தடவை படிப்பேன், அப்பதான் கால் நிக்கும். இன்னிக்கு அது இல்ல. கால் வரமாட்டேங்குது."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பையைத் திறந்து, கசங்கிய தாள்களை எடுத்து நீட்டினேன். "நான்தான் மாமா வெட்டினேன். நீங்க பயந்துருவீங்கன்னு. நான் ஒரு கழுதை மாமா. மன்னிச்சுருங்க." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் தாளை முழங்கால்மேல் வைத்து, உள்ளங்கையால் நீவினார். வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்தார். "நல்ல சுத்தமான வெட்டு. நாளைக்கு டாக்டரும் இப்படி வெட்டினாத் தேவலை" என்றார். எனக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். சமையலறைக்குக் கேட்காத குரல்.

"போன வருஷமே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கிழவரின் மனைவி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய சட்டை அவள் மடியில் இருந்தது. முப்பது வருஷமாகத் திட்டிப் பழகிய வாய். இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்."

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார்.

"நீ சிரிப்புக் கதைன்னு குடுத்த. நான் பாத்தது அந்த பெஞ்சைத்தான். அதுல உக்காந்திருந்தது உங்க அக்கா. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படலம்மா. அந்த பெஞ்சுக்குப் பயந்துட்டேன். இன்னும் தள்ளிப்போட்டா அவ அங்க போய் உக்காருவா, திட்டறதுக்கு ஆள் இருக்காது."

அக்கா காபியோடு வந்தாள். தரையில் கிடந்த மெத்தையைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள், "என்ன, இவ வேற அழறா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொல்லுங்க" என்றாள். மாமா காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "பைய அடுக்கு. போலாம்" என்றார். தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. "நல்லபடியா செஞ்சிருக்கு, ஆனா கண் முழிக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்று டாக்டர் போய்விட்டார். கண் முழிக்கட்டும் என்றால் எப்போது? இரவெல்லாம் முழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தும் முழிக்கவில்லை. நான் லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தேன், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன், வருகிற ஒவ்வொரு நர்சின் முகத்தையும் படித்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போவதற்கு முன் மாமா கழற்றிய சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை வெளியே எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "அத உள்ள வையேன் அக்கா" என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. சட்டைப் பையில் ஏதோ மொடமொடத்தது. எடுத்தாள். அந்த இரண்டு தாள். நான் பாய்வதற்குள் அவள் பிரித்துவிட்டாள். ஆனால் படிக்கவில்லை. அவளுடைய கண்ணாடி வீட்டில் இருந்தது.

"இது அந்தப் புஸ்தகத்துலேர்ந்து வந்ததா? அந்தாளு கடைசில என்ன ஆனாரு?"

"நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன் அக்கா" என்றேன். பொய்யில்லை. நடுவில் அத்தனை பக்கம் பாக்கியிருந்தது.

அவள் தாள்களை மறுபடி சட்டைப் பையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அக்கா இவ்வளவு நேரம் யாரையும் திட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். முகத்தில் எரிச்சல்.

"லிஃப்ட் மெக்கானிக் கூட வந்தவங்க யாரு? முழிச்சதுலேர்ந்து நச்சரிக்கிறாரு. கண்ணாடி வேணுமாம். அப்புறம், மச்சினிச்சி இப்ப என்ன படிச்சுட்டு இருக்குன்னு கேக்கச் சொன்னாரு."

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த சட்டை தரையில் விழுந்தது. அதை எடுத்து ஓர் உதறு உதறினாள்.

"கண்ணாடியாம் கண்ணாடி! நேத்துலேர்ந்து இங்க ஒருத்தி உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கேன், அந்த மனுஷனுக்குக் கண்ணாடி கேக்குதா? வரேன், இரு" என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அது காலியாக இருந்தது. உள்ளே அவள் திட்டுவது வெளியே வரைக்கும் கேட்டது.