மந்திரித்த லெப்டொப்

ஷிரோமி கேட்டாளா? வாய் திறந்து யாரிடமாவது கேட்டாளா? சனிக்கிழமை தானே கண்டி டவுனுக்குப் போய், தானே பார்த்து வாங்குவதாகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை வேலை விட்டு அம்பிட்டிய வீட்டுக்கு வந்தால், மேசை மேல் லெப்டொப் உட்கார்ந்திருக்கிறது! அலுமாரியில் அவள் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு போய், அவளுடைய ஞானத்தகப்பன் கிறிஸ்ரியின் கடையில் வாங்கி, வரும் வழியில் கோயிலில் பாதரிடம் கொடுத்துத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் கொண்டுவந்துவிட்டார் அப்பா கிறகரி.

"புதுச் சாமான சும்மா வீட்டுக்குள்ள கொண்டு வரலாமா மகள்?" என்றார். முகமெல்லாம் பல்.

வெள்ளி நிறம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி மெல்லிசு. திருப்பிப் பார்த்தாள். அடியில் காற்றுப் போகிற ஓட்டைகளை நன்றாக அடைத்து அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது. அது அம்மா டொரதியின் கைவரிசை. உள்ளே விளையாட்டுக்கு வேண்டிய தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. கடிதம் அடிக்கலாம், பூசை பார்க்கலாம். அவள் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டைப் போட்டதும் திரை விக்கி விக்கி நின்றது. சூட்டில் அந்தோனியாரின் ஓரம் சுருண்டது.

ஞாயிறு பின்னேரம் போட்டி. ஐந்து பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஆடுகிற அணி அவர்களுடையது. வென்றால் கொழும்பில் இறுதிச் சுற்று. தலைவி, கலகெதர ஊர் றம்ஸியா, ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "கோவிக்காத ஷிரோமி. ஒன்ட பழைய மெஷின் நடுவுல நிண்டுதான் போன முறை தோத்தோம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியான ஒண்டு எடுக்காட்டி ஒன்ட எடத்துக்கு ஸனாவத்தான் போடணும்."

"இத மாத்தணும்ப்பா" என்றாள் ஷிரோமி.

"மந்திரிச்ச சாமானத் திருப்பிக் குடுக்கிறதா? ஒனக்குப் பைத்தியமா? ஞானத்தகப்பன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"நீங்க முழிக்க வேணாம். நான் முழிக்கிறேன்."

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மனசு கேட்காமல் கிறகரியும் பின்னாலேயே ஓடிவந்து ஏறினார். அவளுக்கு இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸிலேயே சண்டை வந்திருக்கும்.

கிறிஸ்ரி கெட்டவரில்லை. ஞானஸ்நானத்தில் அவள் தலையில் தீர்த்தம் ஊற்றிய நாளிலிருந்து அவளுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கிற உரிமை தனக்கிருப்பதாக நம்புகிற மனுசன், அவ்வளவுதான்.

"அடடா, மந்திரிச்சதையா கொண்டு வந்த? அத நான் எப்படிம்மா இன்னொருத்தருக்கு விக்கிறது?"

"விக்க வேணாம் மாமா. நீங்களே வச்சிக்கிங்க. பில் போடுறதுக்கு அது தாராளம்." மேல் தட்டில் இருந்த தடித்த கறுப்பு லெப்டொப்பைக் காட்டினாள். "எனக்கு அத எறக்குங்க. மிச்சக் காசு மாசாமாசம் தந்துடுறேன்."

"அது ஆம்பளப் பசங்க எடுக்கிறதும்மா. பாரம். சத்தம் வேற."

"எங்க கிஷான் அண்ணனுக்கு அந்த மாதிரி ஒண்ணு குடுத்தீங்களே?"

"அவன் படிப்புக்குன்னு கேட்டான்."

"படிச்சானா?"

கிறிஸ்ரி கிறகரியைப் பார்த்தார். கிறகரி கூரையில் சுழன்ற ஃபேனைப் பார்த்தார்.

"சரி, ஒனக்கு எதுக்கு? ஆபீஸ் வேலைக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். அண்ணன் சொன்ன அதே பொய். சொன்னால் அடுத்த நிமிடம் இறக்கித் தருவார். ஆனால் உழைத்தது அவள், சேர்த்தது அவள், பொய்யும் அவளே சொல்ல வேண்டுமா?

"வெளயாடத்தான் மாமா" என்றாள், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "வேற எதுக்கும் இல்ல."

வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

இறக்கியதும் விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, பிளக்கில் மாட்டி, விளையாட்டை ஏற்றினாள். "சொந்தக்காரன் கடையிலயும் சோதிச்சுப் பாக்கணுமா?" என்று கிறிஸ்ரி முனகினார். பார்க்கத்தான் செய்தாள். ஃபேன் இரைந்தது, சூடேறியது, ஆனால் திரை ஒரு தடவை கூட விக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

வீடு வரும் வரைக்கும் கிறகரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மந்திரிக்கணும்."

அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் லெப்டொப்பை நீட்டினாள். பாதர் சிரித்தார். "இன்னொண்ணா? படிப்புக்கா மகள்?"

"ஆமா பாதர், படிப்பு, ஆபீஸ் வேலை..." என்று கிறகரி முந்திக்கொண்டார்.

"இல்ல பாதர், வெளயாட. இன்னைக்குப் பின்னேரம் போட்டி."

சுற்றி நின்றவர்களில் பக்கத்து வீட்டுப் பாலம்மா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். ஷிரோமி தலை குனியவில்லை. பாதர் தீர்த்தச் செம்பைத் தூக்கியதும், காற்று ஓட்டைகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"மூடி மேல மட்டும் தெளிங்க பாதர்."

பாதர் அப்படியே தெளித்தார். கிறகரி சட்டைப் பையிலிருந்து புது அந்தோனியார் படத்தை எடுத்தார். டொரதி கொடுத்தனுப்பியது. போன முறை மாதிரியே அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார்.

"எங்க ஒட்டட்டும்?"

பிறந்ததிலிருந்து அவளுடைய எந்தச் சாமானைப் பற்றியும் அவர் அவளிடம் கேட்டதில்லை. ஷிரோமி விரலை நீட்டிக் காட்டினாள்.

"மூடியில ஒட்டுங்கப்பா. எல்லாருக்கும் தெரியுற எடத்துல."