நீலக் கேட்டு, மூன்றாவது மாடி

ஐந்து வயது நிரம்பாத என் மகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தோம். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான். பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாகத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பாடம் நடத்தினார் என்றால், பரீட்சை வைத்தவள் நான். பாவத்தில் ஆளுக்குப் பாதி.

அது பெரிய பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால் நாங்களும் நம்பினோம். ஒரே சிக்கல், ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இடம். எங்கள் வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி. என் நாத்தனார் வீடோ அறுநூறு மீட்டர்தான். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடி காலடியாக எண்ணிக்கொண்டே நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். நாங்கள் அங்கே குடியிருப்பதாக ஒரு காகிதம் தயாரானது. நாத்தனார் தனி ஆள், பிள்ளை கிடையாது. "என் மருமகளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் மட்டும் என்ன இளிச்சவாயர்களா? காகிதம் பொய் சொல்லும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் இன்டர்வியூவில் பிள்ளையிடமே கேட்பார்களாம். வீடு எங்கே கண்ணா? கேட்டு என்ன கலர்? ஜன்னலில் பார்த்தால் என்ன தெரியும்?

அதனால்தான் பாடம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கையில் கிரீஸோடு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பார்.

"கடுகு, உன் வீடு எங்க?"

"நம்பர் பதினெட்டு, நீலக் கேட்டு, மூணாவது மாடி, கீழ லாண்டரி!"

கடுகு என்பது நாங்கள் கூப்பிடும் பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். காரம் மட்டும் குறையாது.

"அப்பா என்ன வேலை?"

"இன்ஜினியர்!"

"நான் பிரின்சிபால், எங்கிட்ட நெஜத்தைச் சொல்லு."

"நீலக் கேட்டு!"

"நான் போலீஸ். லத்தி வெச்சிருக்கேன். இப்ப சொல்லு, வீடு எங்க?"

"போலீஸ் கேட்டாலும் நீலக் கேட்டு!"

சரியாகச் சொன்னால் ஒரு சாக்லேட். நான் கைதட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லைசென்ஸுக்குச் சான்றிதழ் வாங்க வரும் டிரைவர்களில் சிலர், எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கண் தெரியாது, ஆனால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். "நாலாவது வரியைப் பின்னாலேர்ந்து படிங்க அண்ணே" என்பேன். ஆள் அதோடு அவுட். பன்னிரண்டு வருஷமாக இப்படி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! அதே வித்தையை என் மகளிடம் காட்டினேன். "லாண்டரிக்கு மேல எத்தனை மாடி ஏறணும்? கதவைத் திறந்தா கேட்டு எந்தப் பக்கம்?" முன்னாலிருந்து கேட்டாலும் பின்னாலிருந்து கேட்டாலும் மாட்டிக்கொள்ளாத அளவுக்கு அவளைத் தேற்றியவள் நானேதான்.

ஒரு நாள் மட்டும் மனசு உறுத்தியது. "குழந்தை இல்லையா, இவ்வளவு பொய் வேணுமா?" என்றேன்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று அவர் பழமொழியைத் தூக்கிப் போட்டார்.

"சரி, நம்ம போன் நம்பரையாவது சொல்லிக் குடுங்க."

"சின்ன மண்டை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. இன்டர்வியூ முடியட்டும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இதெல்லாம் போதாதென்று தனி டியூஷன் வேறு. இன்டர்வியூவுக்கென்றே பாடம் நடத்தும் ஒரு டீச்சர். கையைக் கட்டி நிமிர்ந்து உட்கார வேண்டும். கேட்கிறவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பக்கத்தில் அம்மா அப்பா இருந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, அழக் கூடாது. "அழுதா சீட்டு போச்சு, சரியா?" என்று வாரம் மூன்று நாள் சொல்லிச் சொல்லி உருவேற்றினார். விண்ணப்பத்தில் 'பிற திறமைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப கீபோர்டு வகுப்பு. அவள் விரல் நாலு கட்டைக்கு மேல் எட்டாது, அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை இன்டர்வியூ. அதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம்தான் இது நடந்தது.

ஐந்து மணிக்கு கீபோர்டு வகுப்பு முடியும். அன்று கூட்டி வர வேண்டியவர் அவர். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் செய்தார். "இங்க ரெண்டு பேரு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. என்னால நகர முடியாது, நீ போயிடு." நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேரும்போது ஐந்து பத்து.

இசை வகுப்பின் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது.

போனைத் திறந்தேன். வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாலு மணிக்கே செய்தி போட்டிருக்கிறார் மாஸ்டர். காய்ச்சல், இன்று நாலரைக்கே முடித்துவிடுகிறேன் என்று. அதற்குக் கீழே எண்பது செய்திகள். எந்தப் பள்ளியில் என்ன கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. இந்த அரட்டை தாங்காமல் நான்தான் குழுவைச் சத்தமில்லாமல் போட்டு வைத்திருந்தேன்.

கீழே வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"சின்னப் பொண்ணா? மஞ்சள் பையா? படியில உட்கார்ந்திருந்துச்சும்மா. எல்லாரும் போயிட்டாங்க. அப்புறம் ஒரு பொம்பளை வந்து பேசினாங்க. வீடு எங்கன்னு கேட்டாங்க. பாப்பா பட்டு பட்டுன்னு பதில் சொல்லுச்சு. தெரிஞ்சவங்கதான்னு நினைச்சேன். டாக்சியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாருய்யா அந்தப் பொம்பளை?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

   வீடு எங்கே என்று கேட்டாள் என்றால் வீட்டுக்குத்தானே கொண்டுவந்து விடுவாள் என்று ஒரே ஒரு பிடி கிடைத்தது. அவருக்குப் போனில் சொல்லிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் யாரும் இல்லை. பூட்டு நான் காலையில் பூட்டியபடியே தொங்கியது. தெரு முனைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒவ்வொரு டாக்சி வளையும்போதும் உயிர் வந்தது. அது நிற்காமல் போனதும் திரும்பப் போனது. ஐந்தே முக்காலுக்கு அவர் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை.

"அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க. அங்கேர்ந்து இங்க வர பத்து நிமிஷம் போதும். வீடு கேட்டவ ஏன் இன்னும் வரலை? எங்கேயோ தூக்கிட்டுப் போயிட்டா!"

  அவர் மெதுவாகக் கேட்டார்.

"இந்தா, வீடு எங்கன்னு கேட்டா, கடுகு என்ன சொல்லியிருப்பா?"

நடுத்தெருவில் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சிரித்துக்கொண்டே சொல்வோமே, அதுதான் எங்களுக்கு நடந்திருந்தது.

பைக்கில் பறந்தோம். நாத்தனார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அன்று மாலை டியூட்டி, போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். நீலக் கேட்டு, லாண்டரி, மூன்று மாடி. எத்தனை தடவை அவளை ஒப்பிக்க வைத்த படிகள் அவை! மேலே போனால் வீடு பூட்டிக் கிடந்தது. கடுகு இல்லை. எதிர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். ஒரு பெரியவர் சங்கிலியை எடுக்காமலே எட்டிப் பார்த்தார்.

"ஆமா, வந்தாங்க. ஒரு நர்ஸம்மாவும் ஒரு பாப்பாவும். இதுதான் எங்க வீடுன்னு அந்தப் பாப்பா சாதிச்சுது. நான் பத்து வருஷமா இங்க இருக்கேன், இந்த வீட்டுல குழந்தையே கிடையாதுன்னு சொன்னேன். நர்ஸம்மாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. யாரோ இந்தக் குழந்தைக்குப் பொய்யா சொல்லிக்குடுத்து வெச்சிருக்காங்க, ஏதோ தப்பா இருக்கு, போலீசுக்குத்தான் போறேன்னாங்க."

யாரோ. அந்த யாரோவான நாங்கள் இருவரும் அவர் முன்னால் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தோம்.

போலீஸ் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளி. உள்ளே நுழைந்ததுமே அவளைப் பார்த்துவிட்டேன். பெரிய மர பெஞ்சில், கால் தரையைத் தொடாமல், மஞ்சள் பையை மடியில் வைத்து அதன்மேல் கையைக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நர்ஸ்.

"கடுகு!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வரவில்லை.

ஒரு தடவை கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினாள். உடனே திருப்பிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் போலீஸைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அதுவரை இருந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. என் பிள்ளையை யாரோ என்னமோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தூக்கப் போனேன். பெண் போலீஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுங்கம்மா. நீங்க யாரு?"

"நான் அவ அம்மா!"

"அப்படியா? அம்மாவைப் பார்த்தா குழந்தை இப்படியா உட்கார்ந்திருக்கும்?"

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். "படம் யாரு வேணும்னாலும் எடுக்கலாம்" என்றார். "வீடு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நம்பர் பதினெட்டு மேடம். நீலக் கேட்டு, மூணாவது மாடி."

அந்த நேரத்திலும் அந்த மனுஷன் வாயில் அதுதான் வந்தது. பழக்கமா, திங்கட்கிழமை மேல் இருந்த ஆசையா, இன்றைக்கு வரை அவருக்கே தெரியாது.

பெண் போலீஸ் பேனாவைக் கீழே வைத்தார். "குழந்தையும் அதேதான் சொல்லுது. ஆள் அனுப்பி விசாரிச்சாச்சு. அந்த வீட்டுல குழந்தையே இல்லையாம். என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அப்பா இன்ஜினியர்னு சொல்லுது பாப்பா. எதுதான்யா நெஜம்? இந்தக் குழந்தையை நீங்க எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?"

எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க. பெற்றவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பின்னாலிருந்துதான் படிக்கச் சொல்லியிருப்பேன். இரவுக்குள் குழந்தையைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று அவர் யாரிடமோ போனில் பேசத் தொடங்கினார்.

"எல்லாம் பொய் மேடம்!" என்று அலறினேன். "நாங்க சொல்லிக்குடுத்த பொய். ஸ்கூல் சீட்டுக்காக. அது என் நாத்தனார் வீடு. எங்க வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. திங்கட்கிழமை இன்டர்வியூ. எனக்கு சீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் பிள்ளையைக் குடுத்துடுங்க!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பெண் போலீஸ் போனை வைத்தார். "சரி. நெஜ வீடு எங்கன்னு பாப்பா வாயால சொல்லட்டும். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. பாப்பா, உன் வீடு எங்கடா?"

"நம்பர் பதினெட்டு, நீலக் கேட்டு, மூணாவது மாடி, கீழ லாண்டரி!" குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"கடுகு, சாமி, நம்ம நெஜ வீட்டைச் சொல்லுடி!"

தலையைக்கூடத் திருப்பவில்லை. "போலீஸ் கேட்டாலும் நீலக் கேட்டு" என்றாள். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அவளுக்கு முன்னால் தரையில் மண்டி போட்டேன். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிய கையில் ஒரு கை இன்னொரு கையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கிள்ளின இடமெல்லாம் சிவந்து கன்றிப் போயிருந்தது.

"இவ்வளவு நேரத்துல ஒரு சொட்டுக்கூட அழலைங்க" என்று நர்ஸ் சொன்னார். "அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

கடுகு என் காதுப் பக்கம் குனிந்தாள். பெண் போலீஸுக்குக் கேட்கக் கூடாது என்று மிக மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இன்டர்வியூ முடிஞ்சுதா?"

 படியில் தனியாக உட்கார்ந்ததிலிருந்து, டாக்சி, பூட்டிய கதவு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றையும் அவள் இன்டர்வியூவாகத்தான் நினைத்திருக்கிறாள்.

"முடிஞ்சுதுடி தங்கம். எல்லாம் முடிஞ்சுது. இனிமே கிடையவே கிடையாது."

"நெஜமா?"

"நெஜமா."

"அப்ப, இப்ப அழலாமா?"

அழலாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கட்டியிருந்த கையை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பையைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

பெண் போலீஸ் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, நிஜமான விலாசத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.