ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

எர்த் ஒயரைத் திருகில் மாட்டியதும் ஸ்பீக்கர்களிலிருந்து வந்த உறுமல் சட்டென்று நின்றது. சின்னவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கழற்றினாள், உறுமியது. மாட்டினாள், அடங்கியது. மாலை வகுப்பில் சேர்ந்து அவள் தன் கையால் செய்த முதல் ப்ரீஆம்ப் இது. இசைத்தட்டின் முள்ளிலிருந்து வருவது எறும்பு முணுமுணுப்பது போல அத்தனை மெலிசான சத்தம். அதை ஆம்ப்ளிஃபயருக்கு எட்டும்படி உயர்த்தித் தருவது இந்தப் பெட்டியின் வேலை. நாளை வகுப்பில் எல்லோர் முன்னாலும் இது பாடியாக வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மாமா, அக்காவின் கணவர். கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இன்ஜினியரம்மா, கதவுப் பக்கம் பிரமாதம். ஜன்னல் பக்கம்தான் சோப்ளாங்கியா இருக்கு."

எங்கேயாவது சொதப்பியிருப்போம் என்று அவள் எதிர்பார்த்ததுதான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் பெட்டியில் ஒரு குட்டித் திருகு வைத்திருந்தாள். இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஜன்னல் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பினாள்.

"இப்ப சரி" என்றார் மாமா.

"ஜன்னல் பக்கம் எதுக்குடி இப்படிக் கத்துது?" சமையலறையிலிருந்து அக்கா.

"அங்கேர்ந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்னு சொல்லு" என்றார் மாமா சின்னவளிடம்.

"எனக்கு யாரும் சொல்ல வேணாம்னு சொல்லு."

ஒரு வாரமாக இப்படித்தான், இவள் வழியாகத் தபால் போக்குவரத்து. போன வாரம் சாப்பிடும்போது அக்கா தணிந்த குரலில், "நான் இந்த வேலைய விட்டுடட்டுமா?" என்று கேட்டாளாம். மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். "ஒரு 'ம்' கூட இல்லடி. செவுரு தேவலாம்" என்று அக்கா அழுதாள். மாமாவிடம் போனால், "உங்கக்காவுக்கு என்ன கோவம்னே எனக்குத் தெரியலம்மா" என்றார். நல்லா நடிக்கிறார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவளைக் குடைந்தது வேறு. ஒரே சத்தம், ஒருவருக்குச் சரி, ஒருவருக்குக் கத்தல். திருகைப் பென்சில் குறிக்கே கொண்டுவந்தாள். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர்களைப் பக்கம் மாற்றிச் செருகினாள். பெட்டியில் கோளாறு என்றால் இனி கதவுப் பக்கம் குறைய வேண்டும்.

"இன்னும் ஜன்னல்தான்."

அப்படியானால் பெட்டி தப்பித்தது. ஆம்ப்ளிஃபயரா, ஸ்பீக்கரா? ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒயரோடு தூக்கி இடம் மாற்றி வைத்தாள். மூச்சு வாங்கியது.

"ஜன்னல்தாம்மா. அந்த மூலையில ஏதாவது பேய் இருக்கா?"

மாற்றிப் பார்க்க இன்னும் ஒன்றுதான் மிச்சம். வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. "மாமா, அப்படியே திரும்பி செவுரப் பாத்து உக்காருங்களேன்."

"வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரியா?" சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. "அட! இப்ப ஜன்னல் பக்கம் ஜோரா இருக்கு. கதவுப் பக்கம் போயிடுச்சு. என்ன பண்ணின?"

"நான் எதையும் தொடல மாமா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. தன் பெட்டியில்தான் தப்பு இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டாள்.

மாமா வலது காதை உள்ளங்கையால் பொத்தினார். எடுத்தார். இடது காதைப் பொத்தினார். எடுத்தார். பிறகு மறுபடி வலது காதைப் பொத்தி, கையை எடுக்காமலே இருந்தார். சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்காரும் இடம் சின்னவளின் நினைவுக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடது கைப் பக்கம்தான்.

சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஈரத்துணியோடு. எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"ஏங்க" என்றாள். அவர் திரும்பவில்லை.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேஜையடியிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கத்தில், சுவரைப் பார்த்தபடியே போட்டு உட்கார்ந்தாள். காதைப் பொத்தியிருந்த அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

பாட்டு முடிந்திருந்தது. முள் கடைசி வளையத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. 'டக்... டக்...' என்று இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டது. சின்னவள் முள்ளைத் தூக்கவில்லை.